இடது காதுக்குரிய பாட்டு

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நம் வயதுக்காரர் ஏழெட்டுப் பேர் ஒரே மேசையில் இருந்தோம். எல்லாருக்கும் முழங்கால் வலி. எல்லாருக்கும் இனிப்புத் தொடக்கூடாது என்று வைத்தியரின் உத்தரவு. எல்லாருடைய தட்டிலும் இனிப்பு. அப்போது உங்களில் ஒருவர் பழைய கதையை எடுத்தார். நாங்கள் லண்டனில், குட்மேய்ஸில் சிறுவர்களாய் இருந்தபோது, ஊரிலிருந்து வந்த ஒரு விசரன் தனக்குச் சோறு போட்ட வீட்டுப் பெடியனின் காதை அடித்து உடைத்த கதை. இங்கிலிஷ் பாட்டுக் கேட்டுக் கேட்டு மூளை குழம்பினவன் என்று அவர் சொன்னார். மேசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது என் காது. அறுபது வருடத்துக்கு மேலாக அந்தக் கதைக்கு நானும் சேர்ந்து சிரித்து வந்திருக்கிறேன். இனி ஏலாது. அடித்தது உண்மை. மிச்சம் நீங்கள் சொல்கிற மாதிரி அல்ல, அதை எழுதத்தான் இது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதக் குளிரில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் பெரியம்மாவின் ஒரே மகன். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினைந்து. அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் இங்கே அவன் என்றே எழுதுகிறேன், அந்த வயதுப் பிள்ளையை அவர் என்று எழுத இப்போது எனக்குக் கை வரவில்லை. வன்னியில் பெடியன்களைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கிய நாளில், பெரியம்மா கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அவனை ஓர் ஏஜென்ற்றோடு அனுப்பிவிட்டு, தான் அங்கேயே இருந்துவிட்டா. தகப்பன் முன்பே ஷெல் விழுந்து செத்தவர். அவன் பிரான்சில் யாரோ ஒருவரின் வீட்டில் சில மாதம் கிடந்து, உருளைக்கிழங்கு லொறி ஒன்றுக்குள் ஒளித்து லண்டன் வந்து சேர்ந்தான். அவனுடைய சட்டையில் மண் ஈரம் மணத்தது. அம்மா அதை மூன்று தரம் தோய்த்தும் போகவில்லை.

வந்த இரண்டாம் கிழமை அவன் என்னைக் காப்பாற்றினான். ஸ்ரேசனுக்குப் பக்கத்து பஸ் தரிப்பிடத்தில், என் பள்ளிக்கூடத்துப் பெரிய பெடியன்கள் இரண்டு பேர் என்னைச் சுவரோடு அமத்தி வைத்து, நான் பாட்டுக் கேட்கிற பிளேயரைப் பறித்தார்கள். தீப்பெட்டி அளவு, நீல நிறம், நெஞ்சுப் பொக்கற்றில் கொழுவி வைக்கலாம். இப்போது அதே பொக்கற்றில் நாங்கள் குளிசை வைத்திருக்கிறோம். எதிரேயிருந்த தமிழ்க் கடையிலிருந்து அவன், என் அம்மா சொன்ன சாமான்களோடு வெளியே வந்தான். பையில் மீன் ரின்கள் இருந்தன. அவன் கத்தவில்லை, ஓடி வரவும் இல்லை. நடந்து வந்து பையைச் சுழற்றி ஒருவனின் வாயில் அடித்தான். பல் உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். மற்றவன் கையை உயர்த்தினான். அந்தக் கையின் மேலேயே இரண்டாம் அடி விழுந்தது. பிறகு அவன் குனிந்து பிளேயரை எடுத்து, அதிலிருந்த இரத்தத்தைத் தன் காற்சட்டையில் துடைத்து என்னிடம் தந்தான்.

"இதுக்கோடா அழுறாய்? அப்பிடி என்ன கிடக்கு இதுக்கை?"

என்னுடைய தமிழ் அப்போது சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். விளங்கப்படுத்த வார்த்தை இருக்கவில்லை. பஸ்ஸின் மேல்தட்டில் ஏறியதும் நான் யன்னல் பக்கம் இருந்துகொண்டு, வயரின் ஒரு நுனியை அவன் காதில் வைத்தேன். அவன் என் வலப்பக்கம் இருந்தான். அவனுக்கு இடது காது, எனக்கு வலது. வயர் எங்கள் இருவருக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரித் தொங்கியது.

அதில் பாடிய குழுவின் பெயரை எழுதமாட்டேன். கனடாக்காரர் மூன்று பேர். நாங்கள் பிறக்கும் முன்பே பேர் எடுத்து, அந்த ஆண்டில் தாத்தாமார் ஆகிவிட்டவர்கள். ரொறன்ரோவில் டாக்சி ஓட்டிய மாமா அவர்களின் பாட்டுகளை டிஸ்கில் பதிந்து, எனக்கு அனுப்பும் குளிர்ச்சட்டையின் கைக்குள் செருகி அனுப்புவார். பனிக்காலத்தில் பயணம் கிடைக்காத பகல்களில் காருக்குள் இருந்து இதைத்தான் கேட்பேன் என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். எனக்கு அது வேதம் மாதிரி. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் தங்கள் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அந்த மூன்று பேரும் சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் முதல் பாட்டு முழுவதையும் முகத்தைச் சுளித்தபடி கேட்டான்.

"பாடுறது பொம்பிளையோ?"

ஆம்பிளை என்றேன்.

"ஆம்பிளையெண்டால் ஆரோ அவன்ரை காலை மிதிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மேளம் அடிக்கிறவனுக்கு ஆர் மேலை கோவம்?" என்று கேட்டான்.

இறங்கும் இடம் வந்தபோது அவன் எழும்பவில்லை. முழங்காலில் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தோம்.

அந்த மாதங்களில் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தொலைக்காட்சி காலை முதல் ஓடும். அதில் வந்ததைச் சிறுவர்கள் பார்க்கக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. கால் இல்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பாண் சாப்பிட்டோம். அப்பா பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடிந்து, உடுப்பு மாற்றாமல், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்பார். கலியாணங்களில் மேளம் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் இல்லை. வீட்டுக்குள் பாட்டு என்ற பேச்சே இல்லை. ஒருநாள் நான் குளியலறையில் பிளேயரைச் சின்ன ஸ்பீக்கரில் கொழுவிக் கேட்டபோது அப்பா கதவை உதைத்துத் திறந்தார். அங்கே சனம் சாகுது, உனக்கு இங்கே மேளம் கேட்குதோ என்று கேட்டுக் கேட்டு அடித்தார். என் மூக்கிலிருந்து இரத்தம் வாஷ்பேசினில் விழுந்தது. ஸ்பீக்கரைச் சப்பாத்துக் காலால் மிதித்து நொறுக்கினார்.

அந்த வீட்டில்தான் அவனுக்கு நான் என் வேதத்தைப் படிப்பித்தேன். கட்டிலின் கீழ்த்தட்டில் இருவரும் குனிந்து இருந்து, ஆளுக்கொரு காதாய்க் கேட்போம். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எந்த இடத்தில் அடி மாறும் என்று இரண்டாம் தரமே சொல்லிவிடுவான். அம்மாவின் இரண்டு மர அகப்பைகளால் கட்டில் இரும்பில் அடிப்பான், அகப்பைக்குத் துணி சுற்றி, கீழே கேட்காத மாதிரி. கைத் தோல் உரிந்து துணி இரத்தமாகும். அதற்கு முன்பு கோபம் வந்தால் சுவரில் குத்துகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. எங்கள் அறைச் சுவரில் அவனுடைய கைமுட்டியின் பள்ளங்கள் இருந்தன. பங்குனி பிறந்த பிறகு புதிய பள்ளம் விழவில்லை.

பின்னேரங்களில் அவன் போன் கார்ட் ஒன்றைச் சுரண்டி, நீளமான இலக்கத்தை அழுத்துவான். தாய் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரிடம் போன் இருந்தது. மாசியில் ஒருதரம் கிடைத்தது. தாயோடு இரண்டு நிமிடம் பேசினான். பிறகு கிடைக்கவேயில்லை. ஒரு பெண் குரல் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலிஷிலும் கிடைக்காது என்று சொல்லும். அவன் கடைசி மொழி வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பான். அடுத்த முறை கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டவேணும் என்று தெரிந்தெடுத்து வைத்திருந்தான். தொடக்கத்தில் மேளம் இல்லாத, மெதுவாய்த் தொடங்குகிற ஒன்று.

"அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பா" என்றான். "உதென்ன சன்னதம் எண்டு கேப்பா."

பங்குனி நடுவில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தேன். அம்மா மாடிப்படிக்குக் கீழே, தூசி இழுக்கிற ஹூவரைப் பிடித்துக்கொண்டிருந்தா. ஒரே இடத்தில், அந்தக் கம்பளத்தின் மயிர் உரிந்து போகிற அளவுக்கு முன்னும் பின்னும் இழுத்தா. அருகே போனபோதுதான் ஹூவரின் இரைச்சலுக்குள் அவ கதறுவது கேட்டது. மேல்மாடியில் அவன் இருந்தான். ஹூவரை நிறுத்தினால் அவனுக்குக் கேட்டுவிடும்.

பெரியம்மா செத்துப்போனா. கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்தது என்று, தப்பி வந்த ஒருவர் அப்பாவுக்குப் போன் எடுத்திருந்தார். நாளும் சொன்னார், தானே மண் போட்டதாகவும் சொன்னார்.

அப்பா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரோய்டனில் அவனுடைய அகதி விசாரணை வருகிறது, கேள்விக்குக் கேள்வி நேராகப் பதில் சொல்லவேணும், இதைக் கேட்டால் குழம்பிப்போவான், குழம்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். அதோடு, அம்மாவுக்கு ஏதும் என்றால் நான் இருக்கமாட்டேன் என்று அவன் ஒருமுறை சொல்லியிருக்கிறான் என்றார். அப்பா கொடியவர் அல்ல. அவர் பயந்திருந்தார். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் துக்கத்தைக் குரோய்டனுக்காக ஒத்திவைக்கலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய பிழை என்று அவருக்குச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்கவில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது.

"உன்ரை அந்தக் கனடாக்காரரின்ரை பாட்டு இருக்கெல்லோ. கொண்ணையின்ரை காதிலை எந்த நேரமும் அது ஓடிக்கொண்டிருக்கோணும். ரீவி கேக்கக்கூடாது, நாங்கள் கதைக்கிறது கேக்கக்கூடாது. விளங்குதோ?"

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தார். கறுப்பு நிறம், காது முழுவதையும் மூடுகிற மெத்தை. பிளாஸ்ரிக்கும் பெற்றோலும் கலந்து மணத்தது. என் ஸ்பீக்கரை மிதித்து நொறுக்கிய அதே மனிதர் அதைத் தன் கையால் அவன் தலையில் வைத்து, அளவு பார்த்து, நல்லாயிருக்கோ என்று கேட்டார். அவன் வெட்கத்தோடு சிரித்தான். தன்னை இந்த வீடு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று படுக்கும்போது அதை என்னிடம் சொன்னான்.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதுவரை அப்பா என்னிடம் ஒரு பொறுப்பையும் தந்ததில்லை. இப்போது வேலையால் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், நான் கண்ணால் ஓம் என்பேன். ஒரு பெரிய ஆளைப் போல் உணர்ந்தேன். நான் உயிராய் நேசித்த பாட்டுகளை ஒவ்வொன்றாய்த் தெரிந்தெடுத்து, எது அதிக சத்தம், எது நீளம் என்று பார்த்து, அவன் காதுக்குள் பஞ்சு மாதிரி அடைத்தேன். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்து கீழே குசுகுசுத்தபோது மேலே அவன் கண்ணை மூடி மேளம் அடித்தான். சவுத்தாலில் இருந்து வந்த ஒரு மாமி படியேறி வந்து கதவால் எட்டிப்பார்த்தா. அவனுடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினா. தாய் செத்ததுக்குக் கூத்தாடுற பிள்ளை என்று அவ பிறகு பல வீடுகளில் சொன்னா. அவனுக்குத் தெரியாது என்று அவவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு பின்னேரம் பஸ்ஸின் மேல்தட்டில் வந்துகொண்டிருந்தோம். அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டான்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. அம்மா இருக்கிறாவோ?"

என்னைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டான். நான் ஹெட்போனை எடுத்து அவன் காதுகளில் வைத்து, பிளேயரில் சத்தத்தைக் கூட்டினேன், பட்டன் நிற்கும் வரைக்கும். அவன் என் கண்ணைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடினான். முன் இருக்கையின் முதுகில் அடிக்கத் தொடங்கினான். அதில் இருந்த கிழவி திரும்பித் திட்டினா. அவன் கேட்கவில்லை.

குரோய்டன் விசாரணை தள்ளிப்போனது. பெரியம்மா செத்த முப்பத்தோராம் நாள் முந்திக்கொண்டு வந்தது. அந்தியேட்டி செய்யவேணும், இல்லாவிட்டால் என்ரை அக்கா தண்ணியில்லாமல் அலைவா என்று அம்மா அழுதா. ஒரே மகன் மேல்மாடியில் இருக்கிறான். அவனைக் கூட்டிப் போக ஏலாது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

முந்தி ஏதோ களஞ்சியமாய் இருந்த கட்டடம். பின்னால் ஒரு சின்ன அறை, எள்ளும் ஈரச் சீமெந்தும் மணந்தது. ஐயர் என் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரத்தை இட்டார். செத்தவவுக்குப் பிள்ளை இல்லையோ என்று கேட்டார். அப்பா எள்ளுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இருந்தவன், ஐயா. அவனும் அங்கைதான். இருக்கிறானோ தெரியாது."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பெரியம்மாவின் நட்சத்திரத்தைக் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அப்பா காதுக்குள் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். அவவின் முகமே எனக்கு ஒரு படத்தில்தான் தெரியும். முடிந்ததும் பவித்திரத்தைக் கழற்றி அவிழ்த்து எறியவேண்டும். ஐயர் அடுத்த ஆட்களைப் பார்க்கத் திரும்பினார். நான் அதை உருவிக் கோட் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெறும் புல் வளையம். பெரிய ஆட்களுக்குரிய பொருளில் என்னிடமிருந்த முதலாவது என்பதால் இருக்கலாம்.

நாலு மணிக்கு அவன் இங்கிலிஷ் வகுப்பால் வந்தான். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. பிளேயர் எங்கே என்று கேட்டான். நான் கட்டிலில் கிடந்தபடி, கோட் பொக்கற்றுக்குள்ளே இருக்கு, எடு என்றேன்.

அவன் கையை விட்டுப் பிளேயரை எடுத்தான். பழைய வயர் அதைச் சுற்றிக் கிடந்தது. வயரின் சிக்கலில் பவித்திரம் மாட்டி வந்தது. அவன் அதை வயரிலிருந்து கழற்றினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். முடிச்சில் எள்ளு ஒட்டியிருந்தது.

"இது ஆருக்கு?"

கோயிலில் சும்மா தந்தவை என்றேன்.

"இதைச் சும்மா குடுக்கமாட்டினம். அப்பாவுக்கு நான் போட்டனான். எனக்கு அப்ப ஒன்பது வயசு." அவன் குரல் உயரவேயில்லை. "ஆருக்கெண்டு கேட்டனான்."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பிப் போய், அவன் கழுத்திலிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் தூக்கி அவன் காதுகளில் வைத்தேன். ஒரு மாதமாய்ச் செய்து பழகின வேலை. கைகள் தாமாகப் போயின.

இரண்டு கைகளும் அவன் தலைக்குப் பக்கத்தில் இருந்தபடியால், என் முகத்தைக் காக்கக் கை இருக்கவில்லை. அவனுடைய வலது உள்ளங்கை என் இடது காதில் முழுதாய் விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது, ஈரத்துணி கிழிகிற மாதிரி. பிறகு குத்துகள். எண்ணவில்லை. கட்டில் இரும்பில் என் நெற்றியை மோதினான். படிவரை இழுத்துக்கொண்டு போனான். நான் உருண்டு விழுந்து கீழே ஹூவரின் மேல் கிடந்தேன். அவன் இறங்கி வந்து என் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு அடித்தான். அந்த நேரம் முழுவதும் பிளேயர் இல்லாத ஹெட்போன் அவன் காதுகளில் இருந்தது. அதன் வயர் என் முகத்தில் பட்டுப் பட்டுப் போனது.

அப்பா கதவைத் திறந்து வந்தார். ஹூவரின் இரும்புக் குழாயைக் கழற்றி எடுத்தார். முதல் அடி அவன் முதுகில் விழுந்தது. இரண்டாவது தோளில். எலும்பு சத்தம் போட்டது. அம்மா குறுக்கே விழுந்தா, அவவின் கையிலும் ஓர் அடி பட்டது. அவன் தடுக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரே சொல்லைத்தான் கேட்டான்.

"எப்ப?"

அடித்துக்கொண்டே அப்பா, பெரியம்மா செத்த நாளைச் சொன்னார். அவன் தரையில் இருந்து விரல் மடித்து எண்ணினான். ஒருமுறை எண்ணி, நம்பாமல் இன்னொருமுறை எண்ணினான். பிறகு என் கையைப் பிடித்து, என் மோதிர விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பா குழாயைக் கீழே போட்டார்.

பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த பொலிஸ்காரி நல்லவ. முழங்காலில் இருந்து என் காதுக்குத் துணி பிடித்தா. ஏன் அடித்தாய் என்று அவனைக் கேட்டா. அவனுக்கு இங்கிலிஷ் வராது. அம்மாவுக்கும் வராது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் வீடுகளில் கவுன்சிலுக்கும் டொக்டருக்கும் யார் மொழிபெயர்ப்பது என்று உங்களுக்குத் தெரியும். நான்தான். அவ என்னைப் பார்த்தா.

அவன் என்னிடம் சொன்னான், ஒவ்வொரு சொல்லாய், நான் பிழை விடாமல் இருக்கவேணும் என்று நிறுத்தி நிறுத்தி.

"என்ரை அம்மா செத்தவா. அதை எனக்கு ஒளிச்சவை. நான் செய்யவேண்டியதை இவன் செய்துபோட்டான். அப்பிடியே சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: அவனுக்குத் தலைக்குள் எந்த நேரமும் பாட்டுச் சத்தம் கேட்கிறதாம், ஏன் அடித்தான் என்று அவனுக்கே தெரியாதாம்.

அப்பா அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கண்ணால் கூடக் காட்டவில்லை. எனக்கு வலித்தது, அவன் மேல் கோபமாய் இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் அறுபது வருடமாய்ச் சொல்லிச் சிரிக்கிற கதையை உண்டாக்கினவன் நான். அந்த இரண்டு வாக்கியத்திலிருந்துதான் அது வந்தது.

பொலிஸ்காரி எழுதிக்கொண்டா. அவன் நான் பேசி முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் எனக்குத் தலையாட்டினான். நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, நன்றியாக.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹெட்போன் கழுத்திலேயே இருந்தது. பவித்திரம் அவன் கைப்பிடிக்குள் இருந்தது, பொலிஸ்காரி விரலைத் திறக்கச் சொன்னபோது அவன் திறக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய் தகப்பன் இல்லாத பெடியன்களை வைத்திருக்கிற ஒரு வீட்டில் விட்டார்கள். அம்மா சோறு கட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்பா, அவன் இறங்கி வரமாட்டான். குரோய்டன் விசாரணைக்கு அவன் போனபோது நான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் அவனுக்கு முன்பே அங்கே போயிருந்தன. மனநிலை சரியில்லாதவன், ஆட்களுக்கு ஆபத்தானவன் என்று முடிவு செய்துவிட்டே கேள்வி கேட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அனுப்பிவிடவில்லை. ஆனால் பதினொரு வருடம் இழுத்தார்கள். அதில் இரண்டு தரம் பிடித்து அடைத்து வைத்தார்கள். வைகாசியில் சண்டை முடிந்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எல்லாரும் சும்மா இருந்தோம். அகப்பைகளை அம்மா திரும்பச் சமையலுக்கு எடுக்கவில்லை.

என் இடது காது திரும்பக் கேட்கவில்லை. அந்த மூன்று பேரின் பாட்டுகளில் கித்தாரும் மேளத்தின் பாதியும் இடப்பக்கத்தில் வரும். அது அவன் கேட்ட பக்கம். அதற்குப் பிறகு நான் அவர்களின் பாட்டைக் கேட்டதெல்லாம் பாதிதான். மற்றப் பாதி இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டதால் அல்ல, அவனுடைய விரல்கள் முழங்காலில் தட்டியதைப் பார்த்ததால்.

அப்பா சாகும்போது அவன் வரவில்லை. அம்மா செத்தபோது வந்தான். எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவன் தாடி முழுக்க நரை. வடக்கே ஏதோ ஊரில் மின்சார வேலை செய்கிறான் போல, அவன் ஓட்டி வந்த வானின் பக்கத்தில் ஏணி கட்டியிருந்தது. ஐயர் என் விரலில் பவித்திரத்தை இட்டுக்கொண்டிருந்தார். அவன் கூட்டத்துக்குள்ளால் வந்து முன்னே நின்று அதைப் பார்த்தான். நான் வளையத்தைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அவன் அதை வாங்கி, திரும்ப என் விரலில் போட்டு, முடிச்சைச் சரிபார்த்தான்.

"உன்ரை அம்மாவுக்கு நீ செய்" என்றான்.

பிறகு என் இடப்பக்கமாய் வந்து நின்றான். சடங்கு முடியும் வரை அங்கேயே நின்றான். பெட்டியை எடுக்கும் நேரத்தில் குனிந்து, என் இடது காதுக்குக் கிட்ட வாயை வைத்து, ஏதோ சொன்னான். கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னான். அவனுடைய மூச்சின் சூடு கழுத்தில் பட்டது. அந்தக் காது செத்துப்போனது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

திரும்பச் சொல்லு என்று நான் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன்.